தங்க ஓரம் போட்ட சான்றிதழ்

…லைசென்ஸ் போதுமே என்று ஏன் அத்தனை அவசரமாகச் சொன்னான், கப்பல் கம்பெனி அனுப்பிய தாளை நான் முழுசாக விரிப்பதற்குள்ளேயே? கரையோரமாக ஏர்லி பீச் வரைக்கும் போய்த் திரும்பும் கப்பலுக்கு ஓட்டுநர் லைசென்ஸ் போதும், நூமியா, லிஃபு என்று தீவுகளுக்குப் போகிற கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது, "பாஸ்போர்ட்டெல்லாம் பெரிய தலவலி ஜென், விடு, நமக்குக் கரையோரமே போதும்" என்றான் என் புருஷன் நெவில், ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். தலைவலியாம். குழாய்க்கு வாஷர் வாங்கிய ரசீதைக்கூடப் பன்னிரண்டு வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற மனுஷனுக்கு ஒரு படிவம் தலைவலியாம். அவனிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, வேலை விஷயமாக இரண்டு தடவை நியூசிலாந்து போய்வந்தவன், எனக்குத்தான் இல்லை, ஐம்பத்தொன்பது வயதாகிறது, கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. நான் தாண்டிவிடக் கூடாது என்பதில் இவனுக்கு என்ன வந்தது? வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கப்பல் என்று சொல்லியாக வேண்டும், இன்று புதன்.

அதனால்தான் பொய் சொல்லிவிட்டு வந்து இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பெர்த்தில் இருக்கிற மகளுக்குப் பார்சல் அனுப்பணும் என்று சொன்னேன், "எவ்ளோ நேரமாகும்?" என்றான், பார்சலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்பார்களா, சந்தேகம் வந்துவிட்டதோ, கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், வண்டியில் இல்லை, எதிரே பேக்கரியில் நிற்கிறான், நல்லது. மூன்று வாரம் முன்னால் இதே இப்ஸ்விச் தபால் ஆபீஸில் கவுண்டரில் இருக்கிற இதே கேய்லீன்தான், பாஸ்போர்ட்டில் புருஷன் வீட்டுப் பெயர் போடுவதற்காக நான் நீட்டிய கல்யாணச் சான்றிதழைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "இது கல்யாணத்தன்னிக்கு போட்டோவுக்குக் கையில குடுக்கிற அழகுக் காயிதம் கண்ணு, தங்க ஓரமெல்லாம் போட்டு. எல்லாரும் இதத்தான் தூக்கிட்டு வராங்க. பதிவாளர் ஆபீஸ்ல எழுதிப்போட்டு நெசமானத வாங்கிட்டு வா." முப்பத்தோரு வருஷம் அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன் அதை, வெள்ளத்தின்போது போட்டோக்களை விட்டுவிட்டு அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் லைசென்ஸில் பெயர் மாற்றிக் கொடுத்தவள் இதைப் பார்த்துத்தானே என் பிறந்த வீட்டுப் பெயரான க்ரான்ஸை அடித்து மல்லின்ஸ் என்று போட்டாள், ஒரு கேள்வி கேட்கவில்லையே. நிஜமானதை வரவழைக்கச் சொல்லி எழுதிப்போட்டேன், நெவிலிடம் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அது வந்திருக்கிறது, இங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு போட்டுவிட்டுப் போனார்கள், சீட்டை முதலில் பார்த்தது நான், கடவுள் புண்ணியம்.

இந்த மூன்று வாரமும் மனசு சும்மாவா இருந்தது? முதலில் நூமியாவில் யாரோ இருக்கிறாள் என்று நினைத்தேன், பிறகு எனக்கே சிரிப்பு வந்தது, பிரெஞ்சில் காப்பி கேட்கக்கூடத் தெரியாதவன். அவன் பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன், நியூசிலாந்தைத் தவிர ஒன்றுமில்லை. அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது, அன்று முதல் சோறு இறங்கவில்லை, ஒருவேளை பதிவே ஆகவில்லையோ? போதகர் காகிதங்களை அனுப்பவே இல்லையோ, அது இவனுக்குத் தெரியுமோ, நான் பாஸ்போர்ட் கேட்டால் அது வெளியே வந்துவிடும் என்றுதான் தடுக்கிறானோ… அப்படியானால் நான் யார், மல்லின்ஸும் இல்லை, க்ரான்ஸாகவும் இருந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள், ஒரே போர்வை, எல்லாம் ஒரு போட்டோக் காகிதத்தின் மேலேயா?

கேய்லீன் கூப்பிட்டுவிட்டாள். உறையைக் கொடுத்தாள், அவள் முன்னாலேயே கிழித்தேன், இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, தேதி சரி, என் பெயர் சரி, அப்பாடா, பைத்தியக்காரி, அந்த நல்ல மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்தாய்… தொழில், பிறந்த ஊர், திருமண நிலை. எனக்கு, இதுவரை மணமாகாதவர். நெவிலுக்கு, விவாகரத்தானவர். மறுபடி படித்தேன். வேறு எந்த நெவில் மல்லின்ஸோ என்று பிறந்த தேதியைப் பார்த்தேன், அவன்தான். எவள்? எப்போது? எனக்கு முன்னால் ஒருத்தி அவன் ரொட்டிக்கு வெஜிமைட் தடவிக் கொடுத்திருக்கிறாள். வயிறு எரிந்தது, ஆமாம், எரிந்தது, அத்தனை பேர் நடுவில் ஓவென்று கத்தலாம்போல இருந்தது. அழகுக் காகிதத்தில் இந்த வரி கிடையாது, அதனால்தான் அதையே சட்டம் போட்டு மாட்டலாம் என்று பிடிவாதம் பிடித்தானா? எவ்வளவு சாமர்த்தியம்.

"பார்சல் போட்டாச்சா?" பின்னாலேயே வந்து நிற்கிறான், கையில் இரண்டு சாசேஜ் ரோல், தாடையில் தக்காளிச் சாஸ். என் கையில் இருந்ததைப் பார்த்தான். திடுக்கிடுவான் என்று காத்திருந்தேன், திடுக்கிடவில்லை, தோள்தான் கொஞ்சம் இறங்கியது. "ஓ. இத வாங்கிட்டியா. பாஸ்போர்ட்னா இது வந்து நிக்கும்னுதான் வேணாம்னேன் ஜென். பழசத் திரும்ப உன் கண்ணு முன்னால கொண்டுவரணுமான்னு பாத்தேன். அன்னிக்கு நான் படிவத்துல எழுதினதப் படிச்சிட்டு நீ ஒரு வார்த்த கேக்காம கையெழுத்துப் போட்டியே, யாரு போடுவா? அத நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல." சொல்லிவிட்டு என்னுடைய ரோலை என் கையில் வைத்தான், சூடாக இருந்தது.

படித்தேனா? கல்யாணத்தன்று போதகர் அறையில் மூன்று காகிதம், மூன்றிலும் கையெழுத்து, இங்கே, இங்கே, இங்கே என்று அவர் விரல் நகர்ந்தது, நான் விரலைப் பார்த்தேன், வெளியே மழை வருமா என்று பார்த்தேன், காகிதத்தைப் பார்க்கவில்லை… வண்டியில் ஏறியதும் இவன் அழுதான், சந்தோஷத்தில் அழுகிறான் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நான் கோபப்படும்போதெல்லாம் அடங்கிப்போனதும், என் அம்மாவைக் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்த்ததும், "நீ என்னைவிடப் பெரிய மனசுக்காரி" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னதும், எல்லாம் அந்தக் கையெழுத்துக்காகவா? அவள் யார், இவன் நன்றி சொல்லிச் சொல்லி முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்திய அந்தப் பெரிய மனசுக்காரி? நான் இல்லை. அல்லது இதையும் இவன் பேக்கரி வரிசையில் நின்று யோசித்து வைத்துக்கொண்டு வந்தானா, முகத்தைப் பார்க்கிறேன், சாஸ்தான் தெரிகிறது. படிக்கவே இல்லை என்று இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் இவனுக்கு என்ன மிஞ்சும்? எனக்கு?

"கண்ணு, பாஸ்போர்ட்டு மல்லின்ஸ்னே போடவா, இல்ல பொறந்த பேர்லயா?" என்கிறாள் கேய்லீன், "எதுவானாலும் கப்பல் டிக்கெட்டுல அதே பேர்தான் இருக்கணும்." பேனாவை நீட்டுகிறாள், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் விரல் காட்டுகிறது, நான் அந்த விரலைப் பார்க்கவில்லை, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன், எனக்குப் பின்னால் வரிசை நீளுகிறது, நெவில் பொறுமையாக நிற்கிறான், நான் இப்படிப் படிப்பதை இவன் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது இவனுக்கு எந்த வரியில் உறைக்கும்…