வலது பக்கம் நின்றவன்

மேலிடத்துக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்தது. கனத்த பயணி வண்டிகளை இழுக்கிற நீராவி எஞ்சின்கள் எல்லாம் இனி ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்க வேண்டும், ஒன்றின் உதிரிப்பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றில் மாட்ட முடிய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? ஷெட்டில் ஃபிட்டர்கள் துள்ளிக் குதித்தார்கள். புது எஞ்சின்கள் வந்து வரிசையாக நின்றபோது, நம்பரைப் பார்க்காமல் எது எதுவென்று பெத்தவனாலும் சொல்ல முடியாது.

டிரைவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. பழைய எஞ்சினில் அவர் நிற்கும் இடம் வலது பக்கம். இந்தப் புது வகையில் டிரைவருக்கு இடது பக்கம், கரி அள்ளிப் போடும் பயர்மேனுக்கு வலது பக்கம். இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறீர்களா? அவர் வீடு தண்டவாளத்துக்கு வலது பக்கம் இருக்கிறதே! வளைவில் வண்டி வேகம் குறையும்போது தலையை நீட்டி, மகள் எங்கே, வாசலில் எவன் நிற்கிறான் என்று தினமும் ஒரு நோட்டம் விட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போது குறுக்கே பானை வயிறன் மாதிரி ஒரு பாய்லர். வண்டி ஓடும்போது பிரேக்கை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடிவரவும் முடியாது.

ஆகவே பயர்மேனைக் கூப்பிட்டார். "டேய் நெட்டை, நம்ம வீடு வரும்போது நல்லாப் பாத்துச் சொல்லுடா. எவனாவது சுத்திக்கிட்டு இருந்தா விடாதே."

"நீங்க கவலையே படாதீங்க சார்" என்றான் நெட்டை. அவன் எதற்குக் கவலைப்படுவான்? சுற்றிக்கொண்டிருந்தவனே இவன்தான்.

ஓய்வு நாளெல்லாம் செருப்பு தேய அந்தத் தெருவில் நடந்தும் கிடைக்காத தரிசனம், இப்போது சம்பளத்தோடு, பெண்ணைப் பெத்தவர் உத்தரவோடு கிடைத்தது. அவள் மதிலோரம் நின்று சீப்பை ஆட்டுவாள். ஒருநாள் துடைப்பத்தை ஆட்டினாள். இவன் கரி அள்ளும் ஷவலைத் தூக்கிக் காட்டுவான். "என்னடா தெரியுது?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "ஈ காக்கா இல்ல சார்! பொண்ணு துணி துவைக்குது, தலை நிமிரவே இல்ல!" என்று பச்சையாகப் புளுகுவான். டிரைவர் நிம்மதியாக விசில் கொடுப்பார்.

இந்தச் சுகத்தில் மண் விழுந்தது. டிரைவர் மகளுக்கு ஒரு வங்கிக் குமாஸ்தாவைப் பார்த்துவிட்டார். "என் சட்டைக் கரியைத் துவைச்சே என் பொண்டாட்டி பாதியாயிட்டா. இன்னொரு ரயில்காரனுக்கு என் பொண்ணைக் குடுக்க நான் என்ன கிறுக்கனா?" என்பது அவர் வைராக்கியம். மகளோ யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள்.

"இன்னிக்கு முடிவு தெரிஞ்சிடும்டா" என்றார், வண்டியை எடுத்தபடியே. "சரின்னா துணி காயப்போடுற கொடியில வெள்ளை விரிப்பு, வேண்டாம்னா சிவப்பு. வீட்டுல சொல்லிட்டேன். பையனோட அப்பா அடுத்த ஸ்டேஷன்ல பதிலுக்கு நிப்பாரு. நீ பாத்துச் சொல்லு."

நெட்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அள்ளின கரியில் பாதி நெருப்புக்குள் போனது, பாதி டிரைவர் பூட்ஸ் மேல் விழுந்தது. வளைவு வந்தது. வீடு தெரிந்தது. கொடியில் வெள்ளை.

அடிப்பாவி! அப்போ சீப்பை ஆட்டினதெல்லாம் சும்மாவா?

"என்னடா நிறம்?"

சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மற்றதுக்கெல்லாம் வாய் கூசாமல் புளுகினவன்தான். ஆனால் எஞ்சினில் நின்றுகொண்டு நிறத்தை மாற்றிச் சொல்வதா? பெட்டி பெட்டியாகப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜனமெல்லாம் அவன் பார்த்துச் சொல்லும் சிக்னல் நிறத்தை நம்பித்தானே வருகிறது. நாக்கு புரளவில்லை. அழுகைதான் வந்தது.

"வெள்ளை சார்."

"அப்பாடா! ஏண்டா, தொண்டையில என்ன?"

பதில் சொல்வதற்குள் விரிப்பு காற்றில் விலகியது. பின்னால், மதில் மேல், அவளே ஏறி நிற்கிறாள்! கையில் சிவப்புத் தலையணை உறை. தோள் கழன்று போகிற மாதிரி வீசுகிறாள். அம்மாக்காரி அவள் காலைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள்.

கையில் சிவப்பை எடுத்து யார் ஆட்டினாலும் வண்டி நின்றாக வேண்டும். அது ரத்தத்தில் ஊறின பாடம். "சிவப்பு! கையில சிவப்பு! நிறுத்துங்க மாமா!" என்று அலறினான்.

யார், எதற்கு என்று டிரைவர் யோசிக்கவில்லை. கை தானாகப் பிரேக்கைப் போட்டது. அத்தனை கனமும் கிறீச்சிட்டுக் குலுங்கி, அவர் வீட்டு மதிலுக்கு நேராகவே வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன.

வண்டி நின்றதும் வலது பக்கத்துக்குப் பாய்ந்து வந்தார். "என்னடி ஆச்சு?"

"நான் வேண்டாம்னுதான்பா சொன்னேன்! அம்மா முந்திக்கிட்டு வெள்ளையைக் கட்டிட்டாங்க!"

"அவன் வேண்டாம்னா வேற எந்த மகாராஜா வேணும் உனக்கு?"

அவள் தலையணை உறையை நீட்டி அவர் தோளுக்குப் பின்னால் காட்டினாள். முதல் பெட்டியில் எவனோ கைதட்டினான்.

டிரைவர் மெதுவாகத் திரும்பினார். நெட்டை ஷவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாதி உயரத்துக்குச் சுருங்கி நின்றான்.

"மாமாவா? ஏண்டா படுபாவி, ஈ காக்கா இல்லன்னு தினம் சொன்னியே!"

"அதெல்லாம் பொய் சார். நிறத்தை மட்டும் பொய் சொல்லல சார்."

அவருக்குச் சுருக்கென்றது. வெள்ளை என்று சொன்னபோது செத்துக் கிடந்த அந்தக் குரல் இப்போதுதான் அவர் காதில் சரியாக விழுந்தது. நெஞ்சு வெடிக்கிற நேரத்திலும் உள்ளதைச் சொல்லியிருக்கிறான், கழுதை.

அதற்குள் கார்டு கொடியும் கையுமாக, இரைக்க இரைக்க ஓடிவந்து சேர்ந்தார். "ஏன் சார் நிறுத்தினீங்க? என்ன ஆபத்து? மேல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு நெட்டையின் காலரைக் கொத்தாகப் பிடித்து, கார்டு நன்றாகப் பார்க்கிற மாதிரி முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இதோ நிக்குது பாருங்க ஆபத்து" என்றார். "என் மாப்பிள்ளை."