ஆளையும் நிறுப்பார்கள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பேச்சில் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ ஒரு கடற்கரை நகரத்துக்குப் போய், நாலு நாள் வெயில் காய்ந்து, மூக்கு நுனி உரிந்து திரும்பி வந்திருந்தாள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். கடலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"அதை விடுங்க. போற வழியில ஒரு குட்டி விமான நிலையம். அங்க பெட்டியை மட்டும் இல்ல, ஆளையும் நிறுக்கிறாங்க."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். "எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். நம்பர் வேற செவப்பா, பெருசா, சுவத்துல எரியுது."

அவ்வளவுதான் கண்ணுகளா. அவள் எழுந்து போனதுகூட எனக்குத் தெரியாது. அவள் கடலைச் சொல்லாமல் விட்டுவிட்டதால் இந்தக் கதையில் கடல் வருமா வராதா என்று இப்போது என்னால் உறுதி சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பிறகு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

2.

முதல் வரியை எழுத ரொம்பத் திண்டாடினேன்.

"மலைகளின் மடியில், மேகங்கள் தவழும் ஒரு —" (எதுவும் தவழவில்லை. அடித்துவிட்டேன்.)

"பறக்க வேண்டும் என்ற மனிதனின் ஆதி ஆசை —" (எனக்கே கொட்டாவி வந்தது.)

"தையல்காரிக்கு வயிற்றைக் கலக்கியது."

இது பரவாயில்லை. யாருக்கு என்று தெரிகிறது, என்ன என்று தெரிகிறது. ஏன் என்பதுதான் பாக்கி. இதையே வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறேன்.

2. (மறுபடியும்)

தையல்காரிக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த விமான நிலையம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. சுவரோடு சேர்த்துப் பூட்டிய நாற்காலிகள், சுற்றும்போது முனகும் மின்விசிறி, மூலையில் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வேனுக்கு இறக்கை முளைத்ததுபோல ஒரு விமானம் நின்றது. மலைகளைத் தாண்டிக் கடற்கரை நகரத்துக்குப் பேருந்தில் போனால் முதுகெலும்பு கழன்றுவிடும் என்பதால், தெரிந்தவர்கள் எல்லோரும் இதில்தான் போவார்கள்.

விமானம் சின்னது என்பதால், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நேராகப் பறக்கும். அதனால் தரையோடு தரையாக ஓர் எடைமேடை. மேலே சுவரில் ஒரு பலகை. ஏறி நின்றால் பலகையில் உங்கள் ரகசியம் சிவப்பாக எரியும். தேநீர் விற்பவர் இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம்.

வரிசையில் தையல்காரிக்கு முன்னால் நின்றது பாப்பா. தையல்காரியின் கணவருக்குத் தங்கை; அதாவது இவளுக்கு நாத்தனார். ஐம்பதைத் தாண்டியவள், சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறவள், அவள் முறைத்தால் தெருவே மூக்கைச் சிந்தாமல் அடக்கிக்கொள்ளும். ஆனாலும் வீட்டில் பாப்பாதான். வாழ்க்கையில் முதல்முறையாக நாள் கணக்கில் கடையை அடைத்துவிட்டுக் கடல் பார்க்கக் கிளம்பியிருந்தாள். டிக்கெட் எடுக்கும்போது தொலைபேசியில் எடை கேட்டார்கள். பாப்பா குரலை உயர்த்தி, பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி, கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொன்னாள்.

"மாறவே இல்லைங்க. வேணும்னா எங்க அண்ணியைக் கேளுங்க. அவங்கதான் எனக்குத் தைக்கிறாங்க. இத்தனை வருஷமா ஒரே அளவு."

அண்ணி அன்று ஊசியை வாயில் கவ்விக்கொண்டாள்.

ஏனென்றால், அது ஒரே அளவு இல்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு தடவை, புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போன பாப்பா, பொத்தான் எட்டாமல் முகம் தொங்கி வெளியே வந்தாள். தையல்காரி சட்டென்று, "ஐயோ, நான்தான் தப்பா வெட்டிட்டேன், கொடு" என்று வாங்கி, பிரித்து, துணி விட்டுத் தைத்துக் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பாப்பா, "பழைய அளவுதானே அண்ணி?" என்பாள். இவள், "பழைய அளவேதான்" என்பாள். கத்தரிக்கோல் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி ஓடும். கடலில் இறங்குவதற்கென்று தைத்த புது நீச்சல் உடையும் பழைய அளவுதான். அதற்குச் செலவான துணியில் ஒரு ஜன்னலுக்குத் திரை தைக்கலாம்.

இப்போது அந்தப் பலகை எரியப் போகிறது. பாப்பாவுக்கு ரோஷம் வந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிடுவாள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "உங்களுக்குப் பெரிய நாற்காலி போடட்டுமா?" என்றதற்கு மாலை மாற்றுவதற்குள் வீடு திரும்பியவள். கடல் போகும். அதுகூடப் பரவாயில்லை, கடல் எங்கேயும் ஓடாது. அண்ணி இத்தனை வருஷம் பொய் சொன்னாள் என்று தெரிந்தால், சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் அந்த நேரம் போய்விடும். தையல்காரிக்கு அது போனால் நாளில் மிச்சம் ஒன்றும் இல்லை.*

* இங்கே நீங்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. மருந்துக்கடையில் எடை மெஷின் இருக்குமே, பாப்பா அதில் ஏறிப் பார்த்திருக்க மாட்டாளா? நல்ல கேள்வி. கடை வாசலிலேயே முள் வைத்த மெஷின் ஒன்று இருக்கிறது. இதை நான் யோசிக்காமலே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுங்கள், வழி பண்ணுகிறேன்.

3.

தையல்காரியின் கணவர் இந்தக் கதைக்குத் தேவையா என்று ரொம்ப யோசித்தேன். குழாய் ரிப்பேர் செய்கிறவர். அவரால் கதை ஓர் அடிகூட நகராது. விட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது, மனிதர் ஐந்து சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பலூன் மாதிரி வந்து வரிசையில் நின்றுவிட்டார். இனி எப்படி வெளியே அனுப்புவது?

"என்ன கோலம் இது?" என்றாள் தையல்காரி.

"பை எடை கூடக்கூடாதுன்னாங்களே. அதான் பையில இருந்ததை எல்லாம் போட்டுக்கிட்டேன். எப்படி என் மூளை?"

"இங்க ஆளையும் நிறுக்கிறாங்க."

அவர் பலகையைப் பார்த்தார். எடைமேடையைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்க முயன்றார். ஐந்து கைமடிப்புகளும் சேர்ந்து விறைத்துக்கொண்டதால் கை பாதியில் நின்றது. "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"அண்ணே, பாக்கெட்ல என்ன அது?" என்றாள் பாப்பா.

"குழாய் ஸ்பேனர்."

"கடலுக்கு எதுக்கு ஸ்பேனர்?"

"எங்கேயாவது சொட்டினா?"

மூலையில் குழாய் சொட்டியது. அவர் அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

4.

அந்த நிலையத்தில் எல்லா வேலைக்கும் ஒரே ஆள். டிக்கெட் பார்க்கும்போது நீலத் தொப்பி, பையைச் சோதிக்கும்போது கறுப்பு, எடை போடும்போது வெள்ளை. தொப்பி மாறினால் முன்பின் பார்க்காதவர் மாதிரி மறுபடியும் "வணக்கம்" சொல்வார். தொப்பிக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் வெள்ளைத் தொப்பியைப் போட்டார். "வணக்கம். அடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் பாப்பா. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி எடுத்து —

நிறுத்துங்கள். இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். தையல்காரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காலைத் தூக்கிய நிலையில் பாப்பா அங்கேயே நிற்கட்டும். அதற்குள் எதையாவது யோசிப்போம்.

5.

(அ) மின்சாரத்தை நிறுத்தினேன். பலகை அணைந்தது. தையல்காரி பெருமூச்சு விட்டாள். தொப்பிக்காரர், "கவலைப்படாதீங்க" என்று சொல்லி, பின்னறையிலிருந்து பழைய தராசு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பலகை இல்லாததால் எண்ணை அவரே சத்தமாக வாசிப்பாராம். கம்பீரமான குரல். வேண்டாம், மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

(ஆ) கணவரை மயக்கம் போட்டு விழச்செய்தேன். எல்லோரும் ஓடிவருவார்கள், எடை மறந்துபோகும் என்று கணக்கு. ஐந்து சட்டைகளாலும் மெத்தைமேல் மெத்தை விழுந்ததுபோல ஆகிவிட்டது. ஒரு சத்தம் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு அவரே எழுந்துகொண்டார்.

(இ) நானே ஒரு பொய் எண்ணை எழுதிவிட்டேன். எழுதுகிறவள் நான், பலகையும் என்னுடையது, யார் கேட்பது? பாப்பா கல்யாணத்தன்று இருந்த எடையை அப்படியே எரியவிட்டேன். பாப்பா பூரித்துப்போனாள். உடனே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு விமானி உள்ளே வந்தாள். சின்ன வயசுப் பெண், காதில் பென்சில். நேராக என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா, மலைக்கு மேல வண்டி ஒரு பக்கமா சாஞ்சா நீங்க வந்து தூக்கி நிறுத்துவீங்களா?"

எண்ணை அழித்துவிட்டேன். கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், ஆனால் உள்ளே ஆட்களை ஏற்றிய பிறகு முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

6.

பாவம், பாப்பாவின் கால் இன்னும் அந்தரத்தில்.

கால் மேடையைத் தொடப்போன நேரத்தில் தையல்காரி ஓடிவந்து, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தானும் கூடவே ஏறத் தயாராக நின்றாள்.

"என்ன அண்ணி இது?"

"நானும் உன்கூட ஏறிக்கிறேன்."

"வணக்கம்" என்றார் தொப்பிக்காரர். "ஒவ்வொருத்தரா ஏறுங்கம்மா."

"எனக்குப் பயமா இருக்கு. தனியா ஏற மாட்டேன்" என்றாள் தையல்காரி. நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காதோடு குனிந்தாள்.

"உங்க எடைக்கா பயப்படுறீங்க? எனக்குத் தெரியாதா அண்ணி? மாசா மாசம் என் கடை மெஷின்லதானே ஏறுறீங்க. ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு உங்க முகம் அப்படியே செத்துப்போச்சு. அன்னைக்கே முள்ளைக் கொஞ்சம் பின்னால தள்ளி வச்சேன். வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம். இப்ப அந்த மெஷின்ல யாரு ஏறினாலும் ஒல்லிதான். கூட்டம் அலைமோதுது."

தையல்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

"அப்ப உனக்கு? நீயும் அதுலதானே பார்க்கிற?"

"எனக்கென்ன?" பாப்பா நிமிர்ந்து நின்றாள். "நான் பழைய அளவுதானே. நீங்கதானே சொல்றீங்க."

முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. ஆனால் முள்ளைத் தள்ளி வைக்கத் தெரிந்தவளுக்கு, தள்ளினதைத் திரும்பக் கூட்டிப் பார்க்கவா தெரியாது? தையல்காரி அவள் கண்ணையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க, தான் இத்தனை வருஷமாக ஒளித்த துணியெல்லாம் அங்கே மடித்து வைத்திருப்பதுபோல இருந்தது.

"பழைய அளவேதான்" என்றாள் தையல்காரி.

(நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டீர்களே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. சத்தியமாக நான் யோசித்து வைத்ததில்லை. ரொம்பக் கச்சிதமாகப் பொருந்துவதால் எனக்கே சந்தேகமாக இருந்தது. பாப்பாவிடம் கேட்டேன். "நீங்க எழுதுறதை மட்டும் எழுதுங்க" என்றாள்.)

இரண்டு பேரும் இடுப்பை அணைத்தபடி மேடையில் ஏறினார்கள். பலகை எரிந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். தேநீர் ஊற்றியவர் டம்ளருக்கு வெளியே ஊற்றினார். தொப்பிக்காரர் மரியாதைக்காக ஒரு தடவை தொப்பியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

"இதுல யாரு எவ்வளவுங்க?"

"பாதி பாதி" என்றார்கள் இருவரும்.

விமானி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "சேர்ந்து ஒரு எண் போதும். பின்னால ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ற நீள சீட் இருக்கு. அங்க போங்க."

7.

அந்த எண் எனக்குத் தெரியும். இங்கே காலியாக விட்டிருக்கிறேன்:          கிலோ. தையல்காரி கேட்டுக்கொண்டதால் விட்டேன்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். பாப்பாவும் அண்ணியும் பின் இருக்கையில் ஒட்டி உட்கார்ந்து, மடியில் நீச்சல் உடைப் பையோடு, ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதையை முடித்துவிடலாம் என்று பார்த்தால், விமானம் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. இடது ஜன்னலில் தையல்காரியின் கணவர். ஐந்து சட்டையும் ஸ்பேனரும் அப்படியே இருக்கின்றன. ஒரு சட்டையையாவது கழற்றுங்கள் என்று விமானி கெஞ்சிப் பார்த்துவிட்டாள். கை மடங்கவில்லையாம், கழற்ற முடியாதாம்.

அவருக்கு நேர் எதிரே, வலது பக்கம், ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்தால் விமானம் நேராகும். நிலையத்தில் வேறு யாரும் மிச்சமில்லை; தேநீர்க்காரர் அடுப்பை விட்டு நகர மாட்டார். தொப்பிக்காரர் வரலாம் என்றால், அவர் எந்தத் தொப்பியில் வருவது என்று முடிவு செய்வதற்குள் பொழுது போய்விடும். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது.

அதனால் கண்ணு, நீதான். ஆமாம், இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீதான். எழுந்து வா. பலகையைத் துணி போட்டு மூடிவிட்டேன். தேநீர்க்காரரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கிறேன். மேடையில் ஏறி, துணிக்குள் நீயே எட்டிப் பார்த்துக்கொண்டு, விமானியின் காதில் மட்டும் சொல். இரண்டு பேர் கடலைப் பார்ப்பதும் பார்க்காமல் திரும்புவதும் இப்போது உன்னிடம்தான் இருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் சொல், "பழைய அளவுதான்" என்று மட்டும் சொல்லாதே.