படலைக்கு உள்ளே கொரியா

ராஜரத்தினத்தின் மகன் கொரியாவுக்குப் போய்விட்டான் என்பது பரந்தனில் எல்லோருக்கும் தெரியும். அவன் போகவில்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ், பகலிலும் வாசல் படலையைக் கொளுவிக்கொண்டு இருந்தார்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ராஜரத்தினம். கோயில் பரிபாலன சபைக்கு அவர்தான் தலைவர். கடைக்குப் போவதென்றாலும் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. யாரிடமும் ஒரு சைக்கிள் பம்ப் கூட இரவல் கேட்டறியாதவர். மகன் விஜிதரன் பட்டம் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்காகக் காத்துக் காத்து முகம் சுண்டிப்போனபோது, "உந்தக் காவல் போதும், ஒரு பாஷையைப் படி" என்று கொரிய மொழி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

பையனுக்கு அந்த மொழி வாலாயமாகிவிட்டது. வட்டமும் கோடுமாக இருந்த எழுத்துகளைச் சில கிழமைகளில் பிடித்தான். மற்றவர்கள் கொரியாவில் வேலைக்குப் போவதற்கான பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் பாடமாக்கினார்கள். இவன் கொரியர்கள் சண்டை பிடிப்பதை, பகிடி விடுவதை, தாயோடு செல்லங் கொஞ்சுவதை எல்லாம் போனில் கேட்டுக் கேட்டு வாய்க்குள் உருட்டினான். பரீட்சையில் நல்ல புள்ளி. ஒரு தொழிற்சாலை அவனைத் தெரிவுசெய்து ஒப்பந்தமும் அனுப்பியது. சங்கத்தில் ஓர் ஆயுள் முழுக்க உழைத்து ராஜரத்தினம் கண்ட காசை அவன் சில வருடங்களில் காணப்போகிறான்.

விமானத்துக்கு நாள் மட்டும் வரவில்லை. ஆனால் ஆடி பிறக்கப்போகிறது. ஆடியில் எவனாவது பயணம் தொடங்குவானா? ராஜரத்தினம் ஐயரிடம் நாள் கேட்டு, ஆனி முடியுமுன் நல்ல முகூர்த்தத்தில் மகன் வீட்டைவிட்டுக் கால் எடுத்து வைக்கட்டும், கொழும்பில் மச்சான் வீட்டில் நின்று விமானம் ஏறட்டும் என்று முடிவு செய்தார். கோயிலில் பொங்கல், பந்தி, மாலை, சந்தியில் விஜிதரனின் படத்தோடு ஒரு பெரிய பதாகை. எல்லாம் முறையாக நடந்தது.

பந்தி முடிவில் அவர் எழுந்து நாலு வார்த்தை பேசினார்.

"பிள்ளையளை உழவு மெசின் பின்னால விடாமல் பாஷை படிப்பியுங்கோ. கையில தொழில் இருந்தாலும் வாயில பாஷை இருக்கிறவனுக்குத்தான் இப்ப மதிப்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்ற வீரகத்தி கண்ணில் பட்டுவிட்டான். வீரகத்தியின் மூத்தவன் அதே பரீட்சையை இரண்டு தரம் எடுத்துத் தவறியவன். "சில பேருக்குத் தமிழே வாய்க்குள்ள சிக்குது, பிறகெங்க கொரியன்!"

சனம் சிரித்தது. வீரகத்தியும் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினான்.

ஆடி பிறந்து சில நாட்களில் கொழும்பில் இருந்த விஜிதரனுக்குத் தகவல் வந்தது. அந்தத் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்கிறது, ஒப்பந்தம் ரத்து. பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும். இன்னொரு முதலாளி எடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். மச்சான் வீட்டிலும் இடநெருக்கடி. ஊர் விழிக்குமுன் வந்து இறங்கும் பஸ்ஸில் மகன் திரும்பினான். ராஜரத்தினமே படலையைத் திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, அவனை உள்ளே எடுத்தார்.

"இன்னொரு கொம்பனி எடுக்கும் மட்டும் நீ கொரியாவிலதான் இருக்கிறாய்," என்றார். "விளங்கிச்சோ?"

"எத்தினை நாளைக்கு அப்பா?"

"எடுக்கும் மட்டும்."

"நான் என்ன களவெடுத்தனானோ? மறியல் வீட்டில எண்டாலும் தவணை சொல்லுவாங்கள்."

"ஊரைக் கூட்டிச் சோறு போட்டு அனுப்பினனான். எந்த முகத்தோட திரும்பிவந்திட்டாய் எண்டு சொல்லுறது?"

வீட்டின் பின்னறை அவனுடையதாயிற்று. யன்னலுக்குத் திரை. உடுப்புகள் அறைக்குள்ளேயே காற்றாடிக்குக் கீழே காய்ந்தன. தாய் கமலாட்சி இரண்டு பேருக்கென்று மீன் வாங்கி மூன்று பேருக்குச் சமைத்தாள். பக்கத்து வளவில் ஆள் நடமாட்டம் கேட்டால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தும்மல் வந்தால் விஜிதரன் தலையணையில் முகத்தைப் புதைத்தான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை வெயில் படாமல் வெளிறிப்போனான்," என்றாள் கமலாட்சி.

"கொரியாக்காரர் எல்லாம் வெள்ளைதானே," என்றார் ராஜரத்தினம். பகிடியாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

உண்மையில் அவருக்கும் அது சிறைதான். கோயிலுக்குப் போனால் "தம்பி கதைச்சவரோ? சாப்பாடு ஒத்துவருதோ?" என்று கேட்பார்கள். பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஒவ்வொரு பதிலையும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நேற்று யாரிடம் என்ன சொன்னேன் என்று நினைவு வைத்திருக்கவேண்டியிருந்தது. மெல்ல மெல்ல அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கொரிய வகுப்பு நடத்தும் ஐயாத்துரை வந்து சேர்ந்தார்.

"அண்ணை, ஒரு உதவி. படிப்பிச்சுக்கொண்டிருந்த பொடியனும் கொரியாவுக்குப் பறந்திட்டான். நான் என்ன செய்ய? நல்லாப் படிப்பிக்கக் கூடியவன் ஒருத்தனும் ஊரில நிக்கிறான் இல்லை. உங்கட பேச்சைக் கேட்டுச் சேர்ந்த பிள்ளையள்தான் அரைவாசி. விஜி லீவு நாளில அங்கயிருந்து வீடியோவில படிப்பிச்சால் பெரிய புண்ணியம். சும்மா இல்லை, சம்பளம் தருவன்."

ராஜரத்தினம் கதிரையின் கையைப் பிடித்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார். பின்னறையில் காற்றாடி மெல்லச் சுழலும் சத்தம் அவர் காதுக்குப் பெரிதாகக் கேட்டது.

"கேட்டுச் சொல்லுறன்," என்றார்.

கேட்பதற்கு மகன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். ஐயாத்துரை படலை தாண்டுமுன்னே, "ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா!" என்று கதவிடுக்கால் சொன்னான். அந்தக் குரலில் உயிர் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் வகுப்பு. சுவரை வெள்ளைப் போர்வையால் மறைத்தார்கள். குளிருக்கென்று வாங்கிவைத்த தடித்த அங்கியை ராஜரத்தினம் அலுமாரியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அப்பா, அங்க இப்ப கோடை."

"அது உனக்குத் தெரியும். ஊருக்குக் கொரியா எண்டால் குளிர்தான். போடு."

ஆவணி வெயிலில் கூரைத் தகரம் வெடிக்க, விஜிதரன் கழுத்துவரை இழுத்து மூடிய அங்கியோடு போனுக்கு முன்னால் இருந்தான். சந்தியில், ஐயாத்துரையின் மண்டபத்தில் அவன் முகம் பெரிய தொலைக்காட்சியில் தெரிந்தது.

"சேர், வேர்க்குது உங்களுக்கு," என்றது ஒரு பெண் குரல். வீரகத்தியின் இளையவள் லக்சிகா. எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

"ஹீற்றர் போட்டிருக்கு."

"ஓகஸ்ட் மாசம் கொரியாவில நல்ல வெக்கை எண்டு நாலாம் பாடத்தில இருக்கே சேர்?"

"ஏ.சி. கூடிப்போச்சு, அதுதான் ஹீற்றர். நீர் வினைச்சொல்லைச் சொல்லும்."

மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்தபின் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவன் படிப்பித்த விதம் தனி. கடையில் மீதிக்காசு கேட்பது, முதலாளி ஏசினால் பணிவாக மறுமொழி சொல்வது, கை வெட்டுப்பட்டால் வைத்தியரிடம் எங்கே நோகிறது என்று சொல்வது எல்லாம் நடித்துக்காட்டினான். கொரியாவில் உண்மையாகவே வேலை செய்த அவன் கூட்டாளிகள் சிலர், முதலாளியோடு கதைக்கத் தெரியாமல் முழிக்கும்போது அவனுக்கு அழைப்பெடுத்தார்கள். பின்னறையிலிருந்து ஒரு கொரிய முதலாளியோடு அவன் வாதாடி மேலதிக வேலைக்கு நியாயம் கேட்டுக் கொடுத்தான். அந்த முதலாளி, நீ எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாய், என்னிடம் வா என்றானாம். குரல் கடல் தாண்டிப் போனது. ஆள் கிணற்றடிக்குப் போக இருட்ட வேண்டியிருந்தது.

ராஜரத்தினம் வகுப்பு நேரத்தில் யன்னலுக்கு வெளியே காவல் நின்றார். கோழிகளைக் கலைத்தார். நாயின் வாயைப் பொத்தினார். உள்ளே மகன் படிப்பிப்பதைக் கேட்கக் கேட்க நெஞ்சு விம்மியது. என்ன படிப்பு, என்ன பேச்சு! இதை ஒருவரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை.

மூன்றாவது வகுப்பில்தான், பாட்டுப் போட்டுத் தெருத்தெருவாகப் பேக்கரிப் பாண் விற்கும் பாண் ஓட்டோ வந்தது.

வழக்கமாக அது காலையில் வரும். அன்று ஓட்டோக்காரன் என்ன நினைத்தானோ, பின்னேரம், அந்தச் சுற்றிச் சுற்றி வரும் இசையை உச்சத்தில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினான். ராஜரத்தினம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படலைக்கு ஓடி, போ போ என்று கையை வீசினார். அவர் கைகாட்டி எதையும் வாங்குவதைக் கண்டறியாத ஓட்டோக்காரன், கூப்பிடுகிறார் என்று மகிழ்ந்துபோய், பின்னறை யன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினான். இசை நிற்கவில்லை.

"என்ன ஐயா, றோஸ் பாணோ, சீனிப் பணிஸோ? இப்பதான் போட்டது, கை வைச்சுப் பாருங்கோ, சுடும்!"

"நிப்பாட்டடா உந்தப் பாட்டை!"

கோயில் கூட்டங்களில் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அது. பரந்தனில் அதை அறியாதவர் இல்லை.

உள்ளே மகனின் பேச்சு நின்றது. யன்னலுக்குள்ளிருந்து, போனில் லக்சிகாவின் குரல் வந்தது: "சேர், கொரியாவிலயும் பாண் ஓட்டோ வருதோ?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு தொடர்பு அறுந்தது. ஓட்டோ சந்திப் பக்கம் போனது. சற்று நேரத்தில் அதே இசை மண்டபத்து வாசலிலும் கேட்டிருக்கும்.

விஜிதரன் அங்கியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வெறும் மேலோடு கட்டிலில் இருந்தான். தகப்பனை ஏறிட்டுப் பார்த்தான்.

மறுநாள் ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கமலாட்சி கடைக்குப் போய்வந்தாள். "எல்லாரும் வழமை மாதிரித்தான் கேட்டவை, தம்பி சுகமோ எண்டு. கொஞ்சம் கூடின மரியாதையோட கேட்டவை," என்றாள். கோயிலில் ஒருவர் கொரியாவின் காலநிலையைப் பற்றி விசாரித்தார். கேட்டவர் கண்கள் அவர் முகத்தைச் சந்திக்கவில்லை. ராஜரத்தினத்துக்கு விளங்கியது. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் விளையாட்டுக்கு ஒத்துப்போவதுபோல் தனக்கு ஒத்துப்போகிறார்கள். பின்னறையின் சுவர்கள் ஊர்முழுக்க நீண்டுவிட்டதுபோல் இருந்தது அவருக்கு. சிரித்திருந்தால் நிமிர்ந்து நின்று திருப்பிக் கொடுத்திருப்பார். இந்த மரியாதையோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அடுத்த ஞாயிறு மத்தியானம் வீரகத்தி வந்தான். படலைக்கு வெளியிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணை, ஒரு கதை."

"சொல்லு."

"எங்கட லக்சிகாவுக்குச் சோதினை கிட்டுது. அவளின்ர கதையெல்லாம் இப்ப கொரியன்தான். ஆட்டையும் கொரியனில கலைக்கிறாள். மூத்தவனுக்கு ஏறாதது இவளுக்கு ஏறுது, எல்லாம் தம்பியாலதான்." அவன் தொண்டையைச் செருமினான். "போனில உச்சரிப்புத் தெளிவில்லையாம். நேர வந்து படிப்பிச்சால் முழு வகுப்பும் பாஸ் பண்ணும் எண்டு ஐயாத்துரை சொல்லுறார். இண்டைக்குப் பின்னேரம் எல்லாரும் மண்டபத்தில பாத்துக்கொண்டிருப்பினம்."

ராஜரத்தினம் படலையின் கொளுக்கியில் கை வைத்தபடி நின்றார்.

வீரகத்தி குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்டு யோசிச்சனான் அண்ணை. தம்பி லீவில வந்து நிக்கிறார் எண்டு சொல்லுவம். நானே சந்தியில சொல்லுறன், கண்டனான் எண்டு. ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். உங்கட மரியாதைக்கு ஒரு குறையும் வராது."

அவன் கண்களில் குத்தல் இல்லை. அதைத்தான் ராஜரத்தினம் தேடினார்; இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். பந்தியில் அவர் அவமானப்படுத்திய மனிதன், வெயிலில் நின்று, அவர் மானத்தை மூட ஒரு பொய்யை மடித்துக் கொண்டுவந்து நீட்டுகிறான். வாங்கினால் போதும், மகன் வெளியே வரலாம். ஆனால் இனி வாழ்நாள் முழுக்க வீரகத்தியின் இரவல் துணியில் அவர் நடக்கவேண்டும்.

தான் சொன்ன பொய்யை அவரால் இவ்வளவு நாள் சுமக்க முடிந்தது. இன்னொருவன் இரங்கித் தந்த பொய்யைச் சுமக்க முடியாது.

முதுகை நிமிர்த்தினார்.

"அவன் போகேல்லை, வீரகத்தி," என்றார். குரல் அவரை அறியாமலே கோயில் கூட்டத்துக் குரலாக வந்தது. அடுத்த வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "கொம்பனி நிப்பாட்டிப்போட்டுது. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. ஒளிச்சு வைச்சது நான். நீ ஒருத்தருக்கும் லீவு கீவு எண்டு சொல்லாதை. கேக்கிற ஆக்களை என்னட்ட அனுப்பு."

வீரகத்தி தலையாட்டினான். "சரி அண்ணை," என்றான். பிறகு, "பந்தியில நீங்கள் சொன்னது ஒருமாதிரி உண்மைதான். மூத்தவனுக்குத் தமிழும் சிக்குறதுதான்," என்றான்.

"அதுவும் என்ர வாய்க்கொழுப்பு."

பின்னால் கதவு திறந்தது. விஜிதரன் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். இவ்வளவு நாளுக்குப் பிறகு நேர்வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் வீட்டு முற்றத்தையே அந்நிய நாட்டைப்போல் பார்த்தான்.

"வாருமன் தம்பி, பின்னால ஏறும்," என்றான் வீரகத்தி.

விஜிதரன் தகப்பனைப் பார்த்தான். ராஜரத்தினம் கொளுக்கியை எடுத்துப் படலையை முழுசாகத் திறந்தார். "உச்சரிப்பை வடிவாச் சொல்லிக்குடு," என்றார்.

சைக்கிள் ஒழுங்கையில் திரும்பி மறைந்தது. கமலாட்சி அவரை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. இனிச் சனம் ஒவ்வொன்றாக வரும். சிலது சைக்கிளை மெதுவாக்கும், சிலது நிற்கும், சிலது பார்க்காததுபோல் போகும். அறைக்குள் போய்விட்டால் அவர்கள் கேட்கமாட்டார்கள். அது அவருக்கு வேண்டாம்.

வாய்க்கால் பக்கமிருந்து ஒருவர் வந்தார். கோயில் சபையின் பொருளாளர். அவர் வாய் திறக்குமுன் ராஜரத்தினம் சொன்னார்:

"நில்லுங்கோ. உங்களிட்ட ஒரு விசயம் சொல்லவேணும்."