கத்தரிக்கோல் அக்கா படத்தில் விழாத விவரம்

தபால்காரர் எடுத்த படத்தில் தெருவில் மனிதர்களே இல்லை, நாற்பத்திரண்டு கதவுகள் மட்டும் இருந்தன. தையல்காரர் எடுத்த படத்தில் எல்லோரும் இருந்தார்கள், ஆனால் ஒருவருக்கும் தலை இல்லை. செருப்புத் தைப்பவர் எடுத்ததில் கணுக்காலுக்கு மேலே வெறும் பனிமூட்டம். மூன்றும் ஒரே கேமராவில், ஒரே இடத்திலிருந்து, காலை பதினொரு மணிக்கும் பதினொன்றேகாலுக்கும் நடுவில் எடுக்கப்பட்டவை. அன்று செவ்வாய்க்கிழமை. வெயில் பளிச்சென்று அடித்ததால் வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

இதெல்லாம் நகராட்சி அலுவலகம் அனுப்பிய ஒரு சுற்றறிக்கையால் வந்தது. ஒவ்வொரு தெருவும் தன்னை உள்ளது உள்ளபடி படம் எடுத்து அனுப்ப வேண்டும், படத்தைத் தெருவாசிகளே எடுக்க வேண்டும், எடுத்ததில் உண்மையானது எது என்பதை அலுவலகம் முடிவு செய்யும் என்று அதில் இருந்தது. தெருவில் ஒரு ஸ்டூடியோ இருந்தது வசதியாகப் போயிற்று. ஸ்டூடியோக்காரர் தன் கேமராவை வாசற்படியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார், நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் இரண்டு பாதங்கள் வரைந்தார், ஆசைப்பட்டவர்கள் வரிசையில் வந்து பொத்தானை அமுக்கினார்கள். வாசலுக்கு இடதுபக்கம், நாற்காலியில், அவருடைய மனைவி வழக்கம்போல் பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வெட்டினால் விளிம்பு கோணலாகிவிடும் என்று இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தில்தான் அவருக்கு வேலை. தெருவுக்கு அவர் கத்தரிக்கோல் அக்கா. எந்தப் படம் எடுத்தாலும் அதன் இடது ஓரத்தில் அக்கா விழுந்தே தீர வேண்டும்.

விழவும் செய்தார், அவரவர் பங்குக்கு. தையல்காரர் படத்தில் அக்காவின் கைப்பகுதியில் வேறு நிற நூலால் போட்ட தையல் துல்லியமாகத் தெரிந்தது. செருப்புத் தைப்பவர் படத்தில் அக்காவின் செருப்பு வாரில் குத்தியிருந்த ஊக்கு மின்னியது. பல் டாக்டர் எடுத்த படத்தில் தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அக்காவின் வலது மேல்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று குறைந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. வீட்டுத் தரகர் படத்தில் வீடுகள் இருந்தன, குடியிருப்பவர்கள் இல்லை, எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த நகராட்சி அதிகாரியும் ஆசைக்கு ஒன்று எடுத்தார். அதில் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் சிவப்பாக விழுந்தன, அக்காவின் நாற்காலியும் சேர்த்து. அக்கா ஒவ்வொரு படத்தையும் வாங்கிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். கடைசியாக அவர் கணவர் எடுத்தார்.

தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். பிரிண்ட் வந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். கம்பம் கம்பமாக இருந்தது, குழாய் குழாயாக இருந்தது, தெருவில் நின்ற ஒவ்வொருவருடைய முகமும் அடையாள அட்டையில் ஒட்டலாம் போல நேராக இருந்தது. இடது ஓரத்தில் ஒரு காலி நாற்காலி. அதற்கு மேலே, மடி இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்று படம் வெட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படம் சரியில்லை என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிற பதிலையே சொன்னார்.

"நீ அசைஞ்சிருப்ப."

அக்கா கோபக்காரி இல்லை. வேறு எது சொல்லியிருந்தாலும் பொறுத்துப் போயிருப்பார். இந்த வார்த்தையை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலிய விட்டு நான் எங்க அசைஞ்சேன்?"

அக்கா எழுந்தார். கத்தரிக்கோலைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார், நாலு துணியைப் பையில் எடுத்தார், அடுத்த தெருவில் இருக்கிற தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். "என் மூஞ்சி உங்க படத்துல விழுற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றார். அவர் போவதையும் ஸ்டூடியோக்காரர் படம் எடுத்துப் பார்த்தார். பை மட்டும் தெருவோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

நகராட்சி அலுவலகம் தனக்கு வந்த படங்களை எல்லாம் ஒரே கோப்பில் கட்டி, "படங்கள் சரிபார்க்கப்பட்டன, ஒன்றுக்கொன்று முரண்பாடு இல்லை" என்று எழுதி முத்திரை குத்தியது. தெருவும் சீக்கிரமே பழகிக்கொண்டது. வீடு வாடகைக்கு விட வேண்டுமென்றால் தரகரைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். புதுச்சட்டை போட்டவர்கள் தையல்காரரைத் தேடினார்கள். பெற்றவர்கள் எடுத்த படங்களில் பிள்ளைகள் எல்லோரும் ஆறு வயதிலேயே நின்றுவிட்டதால், வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் அம்மா அப்பாவைக் கேமரா பக்கம் அண்டவிடவில்லை. ஸ்டூடியோக்காரர் கையால் எடுப்பதே உத்தமம் என்று அரசாங்க வேலைக்கெல்லாம் அவரிடமே வந்தார்கள். ஊரிலேயே முகம் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் என்று அவருக்குப் பேர். தங்கை வீட்டில் இதைக் கேட்டபோது அக்காவுக்கு எரிந்தது.

ஸ்டூடியோக்காரர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தினமும் பதினொரு மணிக்குக் கேமராவும் கையுமாகத் தங்கை வீட்டு எதிரில் வந்து நின்றார். அக்கா துணி உலர்த்தும்போது எடுத்தார், ஈரத்துணி தானாக உதறிக்கொண்டு கொடியேறியது. அக்கா வாசல் பெருக்கும்போது எடுத்தார், துடைப்பம் மட்டும் வேலை செய்தது. லென்ஸை மாற்றினார். கேமராவை இரண்டு முறை பழுதுக்குக் கொடுத்தார். பழுது பார்ப்பவர், "கேமராவுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க கண் டாக்டர பாருங்க" என்றார். கண் டாக்டர் கண்ணுக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தபால்காரர்தான் இந்தச் சேதிகளைக் கடிதத்தோடு கொண்டுவந்து சேர்ப்பார். அக்கா காதில் வாங்காத மாதிரி கேட்டுக்கொள்வார்.

இரண்டாம் மாதம் ஸ்டூடியோக்காரர் ஒரு பெரிய படத்தோடு வந்தார். தையல்காரரிடமிருந்து உடம்பு, செருப்புத் தைப்பவரிடமிருந்து பாதம், பல் டாக்டரிடமிருந்து வாய். முகத்துக்கு மட்டும் அவர்களுடைய கல்யாணப் படம். அது வேறொருவர் எடுத்தது. அக்காவுக்கு அதில் இருபத்தொரு வயது, கண் சிமிட்டியபடி இருந்தார். எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, ஒட்டு தெரியாமல் சரிசெய்திருந்தார். விளிம்புகள் மட்டும் கோணல். அவருக்கு வெட்ட வராது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "ஊர் பாத்ததையெல்லாம் ஒட்டிக் கொண்டாந்திருக்கீங்க. நீங்க பாத்தது எங்க?"

"எல்லாம் நீதானே."

"என் கன்னத்துல மச்சம் எந்தப் பக்கம்?"

அவர் கொஞ்சம் யோசித்து, "இடது" என்றார்.

"எனக்கு மச்சமே கிடையாது. போயிட்டு வாங்க."

அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. தங்கை கேட்டதற்குப் பசியில்லை என்றார். உண்மையில் அழுகையாக வந்தது. கோணல் விளிம்புகளைப் பார்க்கச் சகிக்காமல், சாயங்காலம் அந்தப் படத்தை எடுத்து நாலு பக்கமும் நேராக வெட்டி வைத்தார்.

மூன்றாம் மாதம் அக்காவின் அடையாள அட்டைக்குக் கெடு முடிந்தது. புது அட்டைக்குப் படம் வேண்டும், பக்கத்தில் வேறு ஸ்டூடியோ கிடையாது. அக்கா போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். பழக்கம் விடவில்லை.

"சிரிக்காதீங்க. தலையக் கொஞ்சம் தூக்குங்க."

கட்டின மனைவியை 'ங்க' போட்டுப் பேசிவிட்டதை உணர்ந்து அவரே வாயை மூடிக்கொண்டார். அக்கா தலையைத் தூக்கினார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். பிரிண்ட் மெஷின் எட்டுப் படங்களைத் துப்பியது. எட்டிலும் ஸ்டூல் இருந்தது.

"இந்தத் தடவையும் அசைஞ்சேனா?" என்றார் அக்கா.

ஸ்டூடியோக்காரர் லென்ஸைத் துடைத்தார். அக்கா எழுந்தார், அவருடைய தோளைப் பிடித்து ஸ்டூலில் தள்ளினார். "உக்காருங்க. நான் எடுக்கறேன். ஒருத்தரப் பாக்கறதுன்னா எப்படின்னு காட்டறேன்." இருபத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான முகங்களை நாலு பக்கமும் நறுக்கியவர், ஆனால் அந்தப் பொத்தானை அன்றுதான் முதல்முதலாகத் தொட்டார். அமுக்கினார். படம் வெளியே வரும்போது முகத்தில் வெற்றிக்களை வந்துவிட்டது.

படத்தில் ஸ்டூடியோக்காரர் தெளிவாக இருந்தார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, அதுவும் படத்தில் விழுந்திருந்தது. மடியில் வைத்த கைகள் இரண்டும் சரியாக இருந்தன. கழுத்துக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், கேமரா இருந்தது.

அக்கா படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது, கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று யோசித்தார். தெரியவில்லை. மூன்று மாதமாகக் கட்டிக் காத்த கோபத்தை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள், "என்ன, முடிஞ்சுதா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"படம் எப்படி?" என்றார் ஸ்டூடியோக்காரர் மெதுவாக.

அக்கா படத்தை அவர் கையில் கொடுத்தார். "நீங்க அசைஞ்சிட்டீங்க போல" என்றார்.

அவர் பார்த்தார். முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பயந்துவிட்டார். இல்லை, சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள், அதன் நடுவிலேயே கொஞ்சம் அழவும் செய்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாப்பெட்டி மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார், எட்டு ஸ்டூல்களையும் விளிம்பு பிசகாமல் வெட்டினார், வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பையைத் தங்கைதான் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அட்டை அலுவலகத்தில் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. படத்தில் முகம் மறையக் கூடாது என்பதுதான் விதி, இதில் முகத்தை எதுவும் மறைக்கவில்லை என்று குமாஸ்தா ஸ்டூலை ஒட்டி முத்திரை குத்திவிட்டார். அக்கா அந்த அட்டையைக் காட்டித்தான் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிறார். இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மட்டும், படத்தில் கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள் என்றாராம்.

இப்போது ஸ்டூடியோ பத்தரைக்குத்தான் திறக்கிறது. பத்து மணிக்கே இரண்டு பேரும் உள்ளே போய், ஒரு ஸ்டூலில் அவரும் எதிரில் ஒரு ஸ்டூலில் அக்காவுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அரைமணி நேரம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு படம் எடுத்து, தேதி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். முதல் ஐந்து மாதமும் ஸ்டூலும் கேமராவும்தான். ஆறாம் மாதம் ஒரு புதன்கிழமை, ஸ்டூலுக்கு மேலே அந்தரத்தில் அக்காவின் இடது காது விழுந்தது. கம்மல் திருகு தளர்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. அக்கா அப்போதே இறுக்கிக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் கேமராவுக்குக் கீழே ஸ்டூடியோக்காரருடைய தாடை வந்தது, சவரத்தில் விட்டுப்போன இரண்டு மயிரோடு. போன வருஷம் புருவத் தழும்பும் வந்துவிட்டது. அது அவருக்கு ஏழு வயதில் மாடிப்படியில் விழுந்து பட்டதாம். மூக்குக்கு இன்னும் நாளாகும் என்று அக்கா மதிப்புப் போட்டிருக்கிறார், அவசரம் ஒன்றும் இல்லை என்கிறார். அவசரக்காரர்கள் யாராவது சீக்கிரமே வந்து கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை. பத்தரை ஆகும்வரை இரண்டு பேரும் அசைவதில்லை.