பச்சைக்கல் வண்டியின் முதல் சவாரி

பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் இருப்பவர்கள் அந்தக் கரைக்காரர்களைப் பார்த்துக் கையசைக்கலாம், கத்திப் பேசலாம், சண்டைகூடப் போடலாம். போய்ச் சேரத்தான் முடியாது. சேர வேண்டுமானால் மலையைச் சுற்றிக் கழுதையில் போக வேண்டும். அதற்குக் கழுதைக்கும் மனசு வர வேண்டும். இந்தக் கழுதைகளுக்கு ஓய்வு கொடுத்தே தீருவது என்றுதான் பட்டறைக்காரி கிளம்பினாள்.

அவளிடம் ஒரு பச்சைக்கல் இருந்தது. கட்டில் அகலம். சுரங்கத்தில் தூக்கியவர்கள் கைதவறவிட்டபோது அது உடனே விழாமல் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்ததாம். அந்தப் பேச்சை நம்பித்தான் அதைக் கொண்டு வந்திருந்தாள். சூடாக்கினாள், குளிரவைத்தாள், எண்ணெய் தேய்த்தாள், சம்மட்டியைக் காட்டி மிரட்டினாள். கல் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் புருஷன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். தையல்காரன். வெயிலில் நடந்த களைப்பில் கல்மேல் உட்கார்ந்து, "அப்பாடா, என்னா குளுமையா இருக்கே நீ" என்றான். கல் அவனோடு முழங்கால் உயரம் எழும்பிவிட்டது.

பட்டறைக்காரி கேட்ட முதல் கேள்வி ஆராய்ச்சிக் கேள்வி அல்ல. "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என்னைய ஒரு தடவ இப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

"வெயில்ல நீ குளுமையாவா இருக்கே?" என்றான் அவன், அந்தரத்தில் நின்றபடி.

கல்லுக்குப் புகழ்ச்சி பிடிக்கிறது என்றால் இனி என்ன கவலை? புகழ்வதற்கு இந்த ஊரில் ஆளா இல்லை? ஊர்த் தலைவரின் சபைப் புலவரை வரவழைத்தாள். அவர் தொண்டையைச் செருமி, "மலைகளின் மன்னா! ஏழுலகும் தாங்கும் எம்மானே!" என்று தொடங்கினார். அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டை நொறுங்கியது. பொய் ஏற ஏறக் கல்லுக்குக் கனம் ஏறியது. தன் கவிதைக்கு இருக்கும் கனம் அது என்று எண்ணிப் புலவர் பூரித்துப் போனார்.

கண்ணால் பார்த்த உண்மையைச் சொன்னால்தான் அது எழும்பும். "உன் ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு ஓடுது, தையல் போட்ட மாதிரி" என்றால் எழும்பும். அதையே மறுபடி சொன்னால் காதில் வாங்காது. பேச்சை நிறுத்தினால் மெல்ல இறங்கும். "என் கையில கிடைச்சியே, அது உன் அதிர்ஷ்டம்" என்று பட்டறைக்காரியும் சொல்லிப் பார்த்தாள். கால் கட்டைவிரல் நசுங்கியது. இழை ஒன்று விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் தையல்காரனுக்கு. ஓட்டுகிற வேலை அவனுக்கே போனது.

கல்லைச் சுற்றிப் பலகை அடித்து, கைப்பிடிக் கம்பி வைத்து, இரண்டு கரைக்கும் நடுவே வடம் கட்டினாள் அவள். வண்டியில் இருந்த உருளையைச் சுற்றினால் வடத்தைப் பற்றி வண்டி நகரும். சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அச்சில் ஒரு முனகல் இல்லை. ஆணி அடித்த இடத்தைத் தடவிப் பார்த்தாலும் விரலுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் தலைவர் வந்தார். அவருக்குப் பட்டங்கள் நிறைய. எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். அவர் சிலை இல்லாத முச்சந்தி ஊரில் பாக்கி இல்லை. மிஞ்சிய சிலைகள் வைக்க இடமில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"வண்டி என்னைய அந்தக் கரையில விட்டா பட்டறை உனக்கு. இல்லேன்னா நனையுற சிலைங்களுக்கு" என்றார். "புலவரும் வர்றாரு."

"அவரு வேணாங்கய்யா. கல்லுக்கு ஆகாது."

"புலவர் இல்லாம நான் குளிக்கக்கூடப் போறதில்லம்மா."

ஏறினார்கள். தையல்காரன் கல்லைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். அவள் உருளையைச் சுற்றினாள். பாதித் தூரம் வரைக்கும் கனவு மாதிரி போயிற்று. அங்கே புலவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், தலைவரைப் பார்த்தார், பழக்கதோஷம் தலைக்கேறியது. "வானமே வழிவிடும் வள்ளலே! பாறையும் பணிந்திடும் பேரொளியே!"

வண்டி தொப்பென்று இறங்கியது. வடம் வில்லாக வளைந்தது.

"வெள்ளைக் கோடு... தையல் போட்ட மாதிரி..." என்று திணறினான் தையல்காரன்.

"அதை முன்னாடியே சொல்லியாச்சுங்க!"

"பயத்துல வேற எதுவும் கண்ணுக்குத் தெரியலடி!"

பாட்டு போதவில்லையோ என்று புலவர் குரலை இன்னும் உயர்த்தினார். பட்டறைக்காரி எண்ணெய்த் துணியை உருட்டி அவர் வாயில் அடைத்தாள். இலக்கியத்துக்கு அவள் செய்த ஒரே தொண்டு அது.

"நீங்க சொல்லுங்கய்யா. எங்க பேச்செல்லாம் அதுக்குப் பழசாயிடுச்சு."

"நானா? எனக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லையேம்மா."

"கீழ பாருங்க. பழக்கமாயிடும்."

தலைவர் நிமிர்ந்து நின்றார். "ஏ கல்லே! என்னைச் சுமக்கும் பெரும்பேறு பெற்ற..." வண்டி இன்னும் ஓர் ஆள் ஆழம் இறங்கியது. அவருடைய பொன்சரிகைத் தொப்பி கழன்று பள்ளத்துக்குள் போனது. அது அடியில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. தலைவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, ஊரில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்: "நான் இப்படி நடுங்குறேன். நீ கொஞ்சங்கூட நடுங்கலியே."

கல் எழும்பியது.

"நிறுத்தாதீங்க! இன்னும் பாருங்க!" என்றாள் அவள், உருளையை வெறி பிடித்தவள் போலச் சுற்றியபடி.

"இங்க ஒரு குழி இருக்கு. கட்டைவிரல் வைக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி. மழ பெஞ்சா தண்ணி நிக்கும் இதுல... குருவி வந்து குடிக்கும். அடடே, இந்தப் பக்கம் பாரேன், பச்சைக்குள்ள இன்னொரு பச்சை!"

வடம் நேரானது. கரை வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. கடைசியில் அவரைப் போதும் என்று நிறுத்தித்தான் வண்டியை இறக்க வேண்டியிருந்தது.

தையல்காரன் பெண்டாட்டியைப் பார்த்தான். "உருளை சுத்தும்போது உன் நெத்தியில ஒரு நரம்பு பொடைக்குது. பாக்க நல்லா இருக்கு."

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்" என்றாள். நசுங்கிய கால்விரல் ஆறாமலிருந்தும் அன்று முழுவதும் அவள் நொண்டவில்லை. அப்படியே தலைவரிடம் திரும்பி, "ஐயா, பட்டறை...?"

"உனக்குத்தாம்மா. சிலைதானே, நனையட்டும்." அவர் கை இன்னும் அந்தக் குழியிலேயே இருந்தது.

அதற்குள் அந்தக் கரை வரவேற்புக் குழுவின் பெரியவர் மாலையோடு ஓடி வந்து, "பாறையையே பறக்கவைத்த பேராற்றலே!" என்று தொடங்கினார்.

தலைவர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்.

"யோவ், மெதுவாய்யா! கல்லு காதுல விழுந்துடப் போகுது. நான் இதுலதான் வீட்டுக்குத் திரும்பணும்."