பால்பாண்டி பார்க்காத கோல்

சொந்த வீட்டில், சொந்த டிவியில் ஆட்டம் பார்க்க விடாமல் ஒரு மனுஷனைத் துரத்துவார்களா? துரத்தினார்கள். கேட்டால், எல்லாம் ராசி என்றார்கள்.

பால்பாண்டிக்கு அந்த அவப்பெயர் வந்தது இந்தத் தகுதிச் சுற்றில்தான். நாலு அணி உள்ள குரூப்பில் ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை ஆடி இந்தியா முதலிடம் பிடித்தால்தான் ஆசியக் கோப்பைக்குப் போக முடியும். முதல் ஆட்டத்தின்போது தண்ணீர் மோட்டாரை நிறுத்த எழுந்து போனான், இந்தியா கோல் போட்டது. ஓடி வந்து உட்கார்ந்தான், எதிரணி போட்டது. அடுத்த ஆட்டத்தில் முறுக்கு வாங்கக் கடைக்குப் போனான், மறுபடியும் இந்தியா கோல் போட்டது. அதற்கடுத்த ஆட்டத்தை, இடியே விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று முழுசாக உட்கார்ந்து பார்த்தான். இந்தியா தோற்றது. அத்தோடு தீர்ப்பு எழுதிவிட்டார்கள்; அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் அவனைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் அலங்காநல்லூரில் அந்தத் தெருவிலேயே பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். கல்லூரி அணியில் லெஃப்ட் பேக், இடது பக்கக் காவல். டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் மைதானத்துக்குப் போய்விடுவான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கூட்டாளி காசிமாயனுக்கு டம்ளர்களை அடுக்கிக் காட்டிப் புரியவைத்தவனும் அவனே. கடைசி ஆட்டத்தன்று சாயங்காலம் அதே காசிமாயன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அன்று ஜெயித்தால் கோப்பைக்குப் போகலாம். டிரா ஆனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“மாப்ள, பக்கத்துத் தெருவெல்லாம் பத்தாது. பரவை வரைக்கும் போயிரு. போனை இங்கன வச்சுட்டுப் போ.”

“டேய், இது என் வீடுடா!”

“யாரு இல்லேன்னா? ஜெயிச்சதும் வா.”

பால்பாண்டி மனைவியைப் பார்த்தான். ஆர்த்திகாவும் கட்சி மாறியிருந்தாள். “ஒரு நா தானங்க. நாட்டுக்காகப் போயிட்டு வாங்க” என்று வண்டிச் சாவியை எடுத்து நீட்டினாள்.

வழியெல்லாம் மனசுக்குள் புலம்பிக்கொண்டே போனான். இந்தச் சுற்றில் இந்தியா போட்ட ஒரு கோலைக்கூட அவன் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டதெல்லாம் தூரத்துக் கூச்சல்தான். ஒரே ஒரு கோல் பார்த்தால் போதும் என்று இருந்தது. ஆனால், தான் பார்த்து, அதனால் தோற்றுப்போனால்? அந்தப் பயமும் இருந்தது. ஊரே சொல்லச் சொல்ல அவனும் பாதி நம்பத் தொடங்கியிருந்தான்.

பரவை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் ஒருவர் போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்து, அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், போன் ரிப்பேரா?”

“நல்லாத்தான் இருக்கு. புட்பால் ஓடுது. நான் பாத்தா நம்மாளுக கோல் போட மாட்டாங்களாம். வீட்டுக்காரி ஐரின் என்னய வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டா.”

பால்பாண்டிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. தன்னைப் போல இன்னொரு பாவி! பேர் ஸ்டீபன், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். பால்பாண்டியும் தன் கதையைச் சொன்னான். இரண்டு டீ வந்தது.

“பாப்பமா சார்?”

ஸ்டீபன் யோசித்தார். “நீங்க ஒரு மைனஸ், நான் ஒரு மைனஸ். மைனஸையும் மைனஸையும் பெருக்குனா பிளஸ்.”

“கூட்டுனா?”

“கூட்டுனா பெரிய மைனஸு.”

“அப்பப் பெருக்கியே பாப்பம் சார்!”

போனை நிமிர்த்தினார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஒரு கோலும் விழவில்லை. பார்த்த மாத்திரத்தில் எதிரணிக்காரன் ஓங்கி அடித்த பந்து இந்தியாவின் கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஸ்டீபன் பதறிப்போய் போனைக் கவிழ்க்கப் போனார். பால்பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தோற்றால் அந்தப் பழியோடு வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம், இதை விடக்கூடாது என்று இருந்தது அவனுக்கு.

இந்தியாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. பின்னாலேயே நிற்க வேண்டிய லெஃப்ட் பேக், பால்பாண்டி ஆடிய அதே இடத்துக்காரன், எங்கிருந்தோ ஓடி வந்து எகிறினான். தலைக்குத் தப்பிய பந்து தோளில் பட்டு உள்ளே உருண்டது. கோல்!

டீ யார் சட்டையில் கொட்டியது என்று இருவருக்கும் தெரியாது. விசில் ஊதும்வரை ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

வீடு திரும்பியபோது தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தது. காசிமாயன் அவனை அப்படியே தூக்கிவிட்டான். “நீ போன நேரம்தான் மாப்ள! லெஃப்ட் பேக் ஒரு முட்டு முட்டுனான் பாரு தலையால…”

“தலையிலயா பட்டுச்சு? தோள்லடா பட்டுச்சு!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். காசிமாயன் அவனைக் கீழே இறக்கினான்.

“எங்கங்க பாத்தீங்க?” என்றாள் ஆர்த்திகா.

பால்பாண்டி ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டான், வாத்தியாரின் கணக்கு உட்பட. காசிமாயன் தலையைச் சொறிந்தான். ரொம்ப நேரம் சொறிந்தான்.

“அப்ப கோப்பைக்கு அந்த வாத்தியாரையும் கூட்டியாந்துரு மாப்ள. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரணும். ஒருத்தன் எந்திரிச்சாலும் காலை ஒடிச்சுருவேன்.”

ஆர்த்திகா சோபாவில் இருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி நடுவில் இடம் பண்ணிக் கொடுத்தாள். டிவியில் அந்தக் கோலை மறுபடி போட்டார்கள். காசிமாயன் சட்டென்று கலவரமானான்.

“ரீப்ளேதான மாப்ள? நீ பாத்து ஒண்ணும் மாறிராதுல்ல?”

பால்பாண்டி தன் வீட்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, பந்து தோளில் பட்டு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.