கழுவிய செயின்

சித்தப்பா செயினைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்து மேசையில் வைத்தபோது புதிதுபோல் மின்னியது.

“பெட்ரோல் ஊத்தி, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன் பாப்பா. நீ கைல வாங்கிப் பார்க்கப்போற பொருள். கரியும் பிசுக்குமாவா குடுக்கிறது?”

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், வாரண்டிக்கு வரும் பாகங்களைப் பரிசோதிப்பது அவள் வேலை. லென்ஸை எடுத்தாள்.

சித்தப்பாவின் டாக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜினுக்குள் இந்த டைமிங் செயின் அறுந்து, வால்வுகள் எல்லாம் வளைந்துவிட்டன. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கம்பெனி வண்டியை வாங்கினார். கம்பெனி புது என்ஜின் தந்தால் டாக்ஸி மறுபடி ஓடும். இல்லையென்றால் இந்த வயதில் அடுத்தவர் வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான்.

விரிசல், கண்ணியின் துளை ஓரத்தில் தொடங்கியிருந்தது. இரும்பிலேயே கோளாறு. அலமாரியில் கிடந்த மற்ற செயின்களும் அதே இடத்தில்தான் அறுந்திருந்தன.

மேனேஜர் வந்தார். கைவிரிக்கும்போதெல்லாம் சிரிப்பதால் மெக்கானிக்குகள் அவருக்குப் ‘புன்னகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அடடா, கழுவிட்டீங்களே சார்! ஒட்டியிருந்த ஆயில், தூள் எல்லாம் போச்சு. வண்டியை எப்படி வச்சிருந்தீங்கன்னு இனிமே எதை வச்சுப் பார்க்கிறது? கம்பெனி ஒத்துக்காது.”

“புள்ள மாதிரி வச்சிருந்தேன் சார். ஆயிலெல்லாம் சொன்ன தேதிக்கு முன்னாடியே மாத்திடுவேன். என் அண்ணன் பொண்ணுதான் இவ, கேட்டுப் பாருங்க.”

மேனேஜர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் லென்ஸைத் துடைத்தாள்.

போன வாரம் ஒருவர் செயினைக் கழற்றியபடியே அழுக்கோடு கொண்டுவந்திருந்தார். “எவ்வளவு கசடு பாருங்க! நீங்க ஆயிலை ஒழுங்கா மாத்தலை” என்று இதே சிரிப்போடுதான் அவரையும் அனுப்பிவைத்தார் மேனேஜர். அன்றைக்கும் அவள் லென்ஸைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள் என்று வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள். இது அந்தக் கூச்சம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

சித்தப்பாவோடு கேட்வரை போனாள். அங்கே வேறு யாரும் இல்லை.

“கழுவாம கொண்டாந்திருந்தா குடுத்திருப்பாங்களா பாப்பா?”

அவள் சாலையைப் பார்த்தாள். “குடுத்திருப்பாங்க சித்தப்பா.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “உங்க சித்தி அப்பவே சொன்னா, எதையாவது தேய்ச்சுக்கிட்டே இருப்பீங்களான்னு. நானே கெடுத்துக்கிட்டேன். என்னால உனக்கு உள்ள கெட்ட பேரு ஒண்ணும் வராதுல்ல?”

“வராது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பினார்.

“அந்தச் செயின் அங்கேயே இருக்கட்டும். இனிமே வர்றவங்ககிட்டக் காட்டி, இந்த மாதிரி கழுவிடாதீங்கன்னு சொல்லு, என்ன?”

“சரி” என்றாள்.